பாமசி மேசையில் உங்கள் கை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் உங்கள் கை எங்கள் பாமசிக்கு வந்து சேர்ந்தது. கைக்குப் பூசுகிற கிறீம் பெட்டிகளோடு வந்த கம்பனிக்காரர் ஒருவர், தடித்த மட்டையில் செய்த விளம்பரம் ஒன்றை விரித்து, காசு வாங்குகிற மேசையின் மேல் நிமிர்த்தி வைத்தார். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கைகள். ஒன்றின் கீழே மூன்று மொழியிலும் ‘முன்’ என்று போட்டிருந்தது, மற்றதின் கீழே ‘பின்’. நான் ஒருவருக்கு இருமல் பாணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போத்தலை அப்படியே வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

‘முன்’ என்று போட்ட கையில், பெருவிரலுக்குக் கீழே சாய்வாக ஓடுகிற சூட்டுத் தழும்பு. சின்ன விரல் உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கிறது. நகங்களை ஒட்ட வெட்டியிருக்கிறது. அது நான் எடுத்த படம். என் குசினி மேசையில், என் யன்னல் வெளிச்சத்தில். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு நோன்பு கழிந்துவிட்டது, கை மட்டும் புறப்பட்டு வந்து என் முகத்துக்கு நேரே நிற்கிறது.

“வடிவா இருக்கு, என்ன அக்கா?” என்று முதலாளி கேட்டார். பழைய முதலாளியின் மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறார், உங்களுக்கு நினைவிருக்கும். “ஓம்” என்றேன். வேறு என்ன சொல்வது? பொதுவாக எனக்கு வாய் நீளம் என்பீர்கள். அன்று அது சுருண்டு போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் உங்கள் மகள். உங்கள் அவருக்குப் பிரஷர் குளிசை முடிகிற கிழமை அது. உங்கள் ஊர் கிண்ணியாவில் பாமசிக்கா குறைச்சல்? ஆனாலும் நீங்கள் என்னிடம் வாங்கிப் பழகியதை அவள் விடவில்லை. மாதத்தில் ஒரு நாள் பஸ் ஏறிப் பாலம் கடந்து வந்து, இதே மேசைக்கு முன்னால் நின்றுதான் மருந்துத் துண்டை நீட்டுவாள். நம்முடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. “வீட்டில சொல்லிராதீங்க. சொன்னா ஏன், எதுக்கு, யாருக்கு எண்டு நூறு கேள்வி வரும்” என்று நீங்கள்தான் என் வாயைக் கட்டிப்போட்டீர்கள். தாயின் கையைப் படமாக எடுத்து விற்றிருக்கிறோம் என்பதையே அவள் அறியாள். அந்தக் கையைத் திருத்த வேண்டிய கை என்று ஒரு கம்பனி ஊரெல்லாம் காட்டுவதை, என் கடையில், என் முன்னால் நின்றா அவள் கண்டுபிடிக்க வேண்டும்? அவள் என்னை என்னவென்று நினைப்பாள்? உங்களை என்னவென்று நினைப்பாள்?

மட்டையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். முதலாளி வந்து நேராக்கினார். பால்மாப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினேன். மறுநாள் காலை அது முன்னுக்கு வந்துவிட்டது. “அக்கா, இது சனம் பாக்கிறதுக்குத் தந்தது” என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல.

நாம் எப்படி இதில் வந்து மாட்டினோம் என்று அந்தக் கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் நகரத்தில் நடந்த அந்தப் படப்பிடிப்பு வகுப்பு. முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்த ஆம்பிளைகளுக்கு நடுவே நாம் இரண்டே பெண்கள். சனியிலும் அரை நாள் வேலை முடித்து, அலுவலகத்திலிருந்து அப்படியே கோப்பு மணத்தோடு வருவீர்கள். மூன்றாவது கிழமையே கமராவைக் கீழே வைத்துவிட்டீர்கள். “ஒரு கண்ண மூடிக்கொண்டு பாக்கிறது எனக்குச் சரிவரல்ல. எனக்கு ரெண்டு கண்ணும் வேணும்” என்றீர்கள். வகுப்பை மட்டும் விடவில்லை. யாருடைய படத்தில் என்ன பிழை என்று முதலில் சொல்கிறவர் நீங்கள்தான், அதனால் அந்த ஆம்பிளைகளுக்கு உங்களைக் கண்டால் கொஞ்சம் பயம்.

இணையத்தில் படக் கடைகள் இருக்கின்றன என்று அங்கேதான் கேள்விப்பட்டோம். நாம் எடுத்த படத்தை ஏற்றிவிட்டால் எந்த நாட்டிலும் எவரும் அதை வாங்கி, புத்தகத்துக்கோ விளம்பரத்துக்கோ போட்டுக்கொள்ளலாம். வருகிற காசு ஒரு தேத்தண்ணிக்குக் காணாது என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. “காசு கிடக்கட்டும். எங்கட சாமான் எங்கெங்க போகுது எண்டு பாக்கலாமே” என்றீர்கள்.

ஆனால் எதை எடுப்பது? கடற்கரையில் திரியும் மான்களை ஊரிலுள்ள அத்தனை பேரும் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். துறைமுகத்தைப் பிடிக்கலாம் என்று மேட்டு வீதியில் ஏறி நின்றோம், காவலுக்கு நின்றவர் கையாலேயே போகச் சொன்னார். “நாங்க கப்பல எடுக்கல்ல தம்பி, முகில எடுக்கிறம்” என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்தது, என்றாலும் விடவில்லை. வள்ளங்களை எடுத்தால் பேரையும் இலக்கத்தையும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். ஆட்களை எடுத்தால் சம்மதம் என்று கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் வாங்க வேண்டும். நம் ஊரில் அந்த இரண்டையும் கேட்டால் யார் நிற்பார்கள்? மீன் வாடியில் நின்ற அந்தப் பெரியவர், கடதாசியைக் கண்டதும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தாரே. எத்தனையோ காலம் பேரும் இலக்கமும் கேட்கப்பட்டு நல்லதைக் காணாத சனம். அவரைக் குறை சொல்ல ஏலாது.

அப்போதுதான் சொன்னீர்கள். “என்ட கைய எடுங்க. கைக்குப் பேரும் இல்ல, நம்பரும் இல்ல.”

அப்படித் தொடங்கியது. ஞாயிறு காலையில் எருமைத் தயிர்ச் சட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவீர்கள். என் குசினி யன்னலில் வெயில் ஏற முதல் வேலை தொடங்கிவிடும். தேங்காய் துருவுகிற கை, இடியப்பம் பிழிகிற கை, தேத்தண்ணி ஆற்றுகிற கை. முகம் வரக்கூடாது என்பது உங்கள் முதல் நிபந்தனை. கையில் ஒன்றையும் மாற்றக்கூடாது என்பது இரண்டாவது. முதலாவது எனக்கு லேசு. இரண்டாவதுக்குத்தான் நாம் சண்டை பிடித்தோம்.

தழும்பு, மரு, கறுப்புப் புள்ளி எல்லாவற்றையும் தொட்டவுடனே மறைத்துவிடுகிற கருவி ஒன்று என் மடிக்கணினியில் இருந்தது. எனக்கோ விரல் துறுதுறு என்று வரும். பெருவிரலுக்குக் கீழே அந்தக் கோட்டைக் கண்டால் பல்லுக்குள் முள் இருக்கிற மாதிரி. ஒருநாள் நீங்கள் தயிரை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து அதைத் தொட்டுவிட்டேன். நீங்கள் பின்னாலேயே நிற்கிறீர்கள்! “அத வைங்க அந்த இடத்தில” என்றீர்கள். “பால அடுப்பில வெச்சிட்டு உங்களோட போனில கதைச்சதுக்குக் கிடைச்சது அது. சும்மா வந்ததில்ல.” உடனே பழையபடி ஆக்கினேன். அன்று முழுக்க என்னைக் கிண்டல்தான்.

திருத்துகிற வேலையில் நீங்கள் கெட்டிக்காரி. கமராவைத் தொடாமலே என்னை வேலை வாங்கினீர்கள். பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, மூலை மூலையாகப் பார்ப்பீர்கள். “அங்க, சட்டிக்குப் பின்னால, தீப்பெட்டில எழுத்து.” கம்பனிப் பெயர் ஒன்று இருந்தாலும் படக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நமக்குத் தெரியும். திருப்பி அனுப்பியும் இருக்கிறார்கள், முதல் தடவை ஏற்றியது அவ்வளவும் திரும்பி வந்தது. நான் கமராவை விற்கப் போனேன். நீங்கள் மறுபடியும் தயிரோடு வந்து நின்றீர்கள்.

பிறகு படத்துக்கு அடையாளச் சொற்கள் போட வேண்டும், வாங்குகிறவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்கு. கை, பெண், சமையல், ஆசியா என்று நான் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு போவேன். முகம் இல்லாத படத்துக்கு அந்தக் கடையே ஒரு சொல்லை எடுத்துத் தரும். ‘அடையாளம் காண முடியாத ஆள்.’ அதை உங்களுக்குத் தமிழில் சொன்னபோது, “இவ்வளவு நேரமா இங்க இருந்து தேங்காய் துருவினது யாராம்?” என்று கேட்டீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் பிடித்தது. ஆனாலும் அந்தச் சொல்லை நான் போடத்தான் செய்தேன், போட்டால்தான் விற்கும்.

விற்றது. உங்கள் கை ஏதோ ஒரு நாட்டுச் சமையல் பக்கத்தில் இடியப்பம் பிழிந்தது. வைத்தியசாலை ஒன்றின் பக்கத்தில் மூட்டு வாதத்துக்கு உதாரணமாக நின்றது. “எனக்கு வாதமாம். இண்டைக்குத்தான் தெரியும்” என்று விரலை மடக்கி மடக்கி நீட்டிக் காட்டினீர்கள். உங்களிடம் கடவுச்சீட்டும் இல்லை. கை மட்டும் போகாத நாடு இல்லை. நீங்கள் இருக்கும்போது இதெல்லாம் பகிடியாக இருந்தது.

இந்தக் கிறீம் மட்டையில் இருந்த படம் வேலையாக எடுத்ததே இல்லை. துருவி முடித்து, கையைக் கழுவித் துடைத்து, மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு எதையோ கதைத்துக்கொண்டிருந்தீர்கள். வெளிச்சம் சரியா என்று பார்க்க ஒன்று தட்டினேன். சும்மா இருந்த கை. அதுதான் எல்லாவற்றிலும் கூட விற்றது.

கம்பனிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். படம் இணையத்தில் முறையாக வாங்கியது என்றார், எனக்குத் தெரியாததையா சொல்கிறார். “ஆருடையோ கைதானே மிஸ், அது ஒண்டும் செய்யாது” என்று ஆறுதலும் சொன்னார். படக் கடைக்கு எழுதினேன். இது என் சிநேகிதியின் கை, அவர் இப்போது இல்லை, அவருடைய மகள் இதைப் பார்க்கப் போகிறாள் என்று எழுதினேன். எழுதியதற்கு நன்றி என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. வாங்கினவர்கள் வாங்கின உரிமையோடு பாவிக்கலாம், இனிமேல் விற்காமல் வேண்டுமானால் நான் எடுத்துவிடலாம். எடுத்துவிடுவதா விடுவதா என்று உங்களிடம் கேட்காமல் நான் ஒன்றும் செய்ததில்லையே. கேட்க நீங்கள் எங்கே? உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

புதன்கிழமை ஆட்கள் குறைந்த நேரத்தில் மட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் அடுத்தது விளங்கியது. ‘பின்’ என்று போட்ட கையும் உங்களுடையதுதான். சின்ன விரலின் வளைவு அப்படியே இருக்கிறது. தழும்பைக் காணவில்லை. விரல் கணுக்களில் இருந்த சுருக்கமெல்லாம் இழுத்து நிரவியிருக்கிறது. நகத்துக்கு வேறு நிறம். ஒரே படத்தை இரண்டு தரம் போட்டு, ஒன்றைத் திருத்தியிருக்கிறார்கள். வேலையாவது ஒழுங்கா? மணிக்கட்டில் நிழல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டிருப்பீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்திருப்பேன். முதலாளி இருந்தார்.

நீங்கள் போன அன்று நான் பிந்தித்தான் வந்தேன். காய்ச்சல் என்றுதான் கேள்விப்பட்டேன், அடுத்த ஞாயிறு வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். செய்தி கிடைத்துப் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி வர, அடக்கத்துக்கு மையவாடிக்குக் கொண்டு போய்விட்டார்கள். வாசல் நிறையச் செருப்புகள். மகள் கண்டிப் பக்கம் படித்துக்கொண்டிருந்தவள், எனக்குச் சற்று முன்தான் வந்திருந்தாள். அவளாவது உங்களைப் பார்த்தாளா இல்லையா என்று இன்றைக்கும் நான் கேட்டதில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் படம் எதுவும் இல்லை. படம் மாட்டுகிற வழக்கம் உங்களுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று கண் தன்பாட்டில் தேடியது.

அவள் வியாழக்கிழமை வந்தாள். நான் காலையிலேயே மட்டையை மேசைக்குக் கீழே இறக்கி, காலால் உள்ளே தள்ளிவிட்டிருந்தேன். துண்டை வாங்கினேன், குளிசை அட்டையை எடுத்தேன், “வாப்பா எப்படி?” என்று கேட்டேன். “சுகம். உப்ப மட்டும் விடுறார் இல்ல” என்றாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா கைக்குப் பூச என்ன இருக்கிறது என்று கேட்டார். முதலாளி குனிந்தார். மட்டையைத் தூக்கித் தூசி தட்டி, எனக்கும் அவளுக்கும் நடுவிலே வைத்தார்.

அவள் பார்த்தாள். நான் கத்தரிக்கோலால் குளிசை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன்.

“அன்ரி, இது உம்மாட கை” என்றாள்.

முதலாளி சிரித்தார். “இல்லைத் தங்கச்சி, இது கம்பனிப் படம். வெளிநாட்டுக் கை.”

“எங்கட உம்மாட கை எனக்குத் தெரியாதா?” என்றாள், அவர் பக்கம் திரும்பாமலே.

“ஓம், உம்மாட கைதான்” என்றேன். “நான் எடுத்தனான். என்ர குசினியில.” பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கிறீம் கேட்டு வந்த அம்மாவும் நின்று கேட்டார். வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை, தயிர்ச்சட்டி, எல்லாம். நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு அதோடு போயிற்று. வேறு வழி தெரியவில்லை.

“உம்மா ஞாயிறில உங்கட வீட்ட தையல் பழகப் போறன் எண்டுதான் சொன்னவ” என்றாள். “ஒரு சட்ட கூடத் தைக்கல்ல. நான் கேட்டா, பழகிக்கொண்டுதான் இருக்கன் எண்டுவா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது பாதியிலே நின்றுபோனது. மட்டையின் கீழே இருந்த சொல்லை அப்போதுதான் வாசித்தாள் போல. ‘முன்’ என்பதில் விரலை வைத்தாள். நான் பயந்துகொண்டிருந்தது அந்த நிமிடத்துக்குத்தான்.

“மற்றதும் உம்மாட கைதான்” என்றேன். அவளைத் தேற்ற என்று நினைத்துத்தான் சொன்னேன். “அதைத் திருத்தியிருக்கினம்.”

அவள் இரண்டையும் பார்த்தாள். “அந்தக் கத்தரிக்கோலத் தாங்க” என்றாள். முதலாளி “தங்கச்சி, அது கம்பனிக்காரன்ர” என்று தொடங்கினார். “கம்பனிக்காரனுக்கு நான் சொல்லுறன்” என்று நான் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். மட்டை தடிப்பு, கொஞ்சம் பாடுபட்டாள். நடுவால் வெட்டினாள். பிறகு தழும்புக் கையின் கீழே இருந்த சொல்லையும் மூன்று மொழியோடும் சேர்த்து வெட்டி எடுத்தாள். கை மட்டும் மிஞ்சியது. அதைக் குளிசைப் பையோடு சேர்த்துத் தன் பைக்குள் வைத்தாள்.

மற்றப் பாதி தனியாக நிற்க முடியாமல் மேசையில் விழுந்து கிடந்தது. எடுத்து நீட்டினேன். “இதையும் கொண்டு போங்கோ.”

“வேணாம் அன்ரி. அது உம்மா இல்ல.”

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். “இன்னும் இருக்கா?” என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றேன். “எனக்கு எல்லாம் தாங்க. ஆனா இனி விக்க வேணாம்.” நான் தலையாட்டினேன்.

அந்த ஞாயிறு மடிக்கணினியைத் திறந்து உங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் படக் கடையிலிருந்து எடுத்தேன். ஏன் எடுக்கிறீர்கள் என்று அது கேட்டது. தரம் போதாது, உரிமைப் பிரச்சினை, பிழையாக ஏற்றியது என்று வரிசையாகக் காரணங்கள், ஒன்றும் பொருந்தவில்லை. வேறு காரணம் என்பதை அமத்த ஒரு வெறும் பெட்டி திறந்தது. மகள் கேட்டாள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஒவ்வொரு படத்துக்கும் அதையே எழுதினேன். தேங்காய் போனது, தேத்தண்ணி போனது, கடைசியில் சும்மா இருந்த கையும் போனது. குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன், எதற்கு மூட்டினேன் என்று தெரியாமல் நின்றுவிட்டு நூர்த்தேன்.

நிம்மதி வந்துவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முன்பு விற்றவை விற்றவைதான், அவற்றைத் திருப்பி வாங்க ஏலாது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படம் எடுப்பதில்லை. உங்கள் கையைத் தேடுகிறேன். ஒரு படத்தைக் கொடுத்தால் அது எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இணையம் காட்டித்தரும். எந்தச் சொல்லின் கீழே உங்களை வைத்திருக்கிறார்களோ என்ற பதகளிப்போடுதான் ஒவ்வொன்றையும் திறக்கிறேன். கண்டதை மகளுக்கு அனுப்பிவிடுவேன். அவள் அவற்றை என்ன செய்கிறாள் என்று கேட்பதில்லை.

நேற்று ஒன்று அகப்பட்டது. என்ன நாடு, என்ன மொழி என்று எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. உங்கள் இரண்டு கையும், மாவும், என் பழைய பேசினின் விளிம்பும். கீழே கொட்டை எழுத்தில் ஒரு நீண்ட வரி. நோயா, மருந்தா, ஏழைகளுக்கு உதவி கேட்கிறார்களா என்று ஒன்றும் விளங்கவில்லை. அப்படியே மகளுக்கு அனுப்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை, மனம் ஒரு மாதிரி இருக்கிறது என்றும் எழுதிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “உம்மா ரொட்டிக்கு மாக் குழைக்கிறா.”